காப்பை அடகு வைத்து உபயமா?

கேள்வி: கலியாணமாகி வெள்ளவத்தைக்கு வந்தவள் நான். பிறந்த வீட்டில் சுவாமி படத்துக்கு ஒரு விளக்கு, ஒரு செம்பரத்தம்பூ, நெற்றியில் திருநீறு; அவ்வளவுதான் வழிபாடு. மாமிக்கு எல்லாமே பெரிதாக வேண்டும். கோவில் திருவிழாவில் எங்கள் குடும்பம் செலவை ஏற்றுச் செய்கிற ஓர் உபயம் உண்டு. இந்த முறை யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு கூட்டம் மேளம், பூச்சாத்துப்படி, வீடியோ, வாசலில் எங்கள் பெயர் போட்ட பதாகை என்று பட்டியல் நீள்கிறது. காசு போதாது. உன் காப்புகளை அடகு வைத்துவிட்டு, திருவிழாவுக்குக் கவரிங் போட்டுக்கொள் என்கிறார். மனத்தால் கும்பிட்டால் போதாதா? பூசலார் நாயனார் மனத்தில்தானே கோவில் கட்டினார்? இதை மறுத்தால் தெய்வக் குற்றமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பூசலாரை நீங்கள் சாட்சிக்கு அழைத்திருப்பதால் அவரையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

திருநின்றவூர்ப் பூசலாருக்குக் கோவில் கட்ட ஆசை. கையில் பொருள் இல்லை. கேட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. அதனால் மனத்தில் கட்டினார். எப்படி? நல்ல நாள் பார்த்து அடிநிலை போட்டு, சிகரம் எழுப்பி, சுதை பூசி, கிணறு தோண்டி, குளம் வெட்டி, மதிலும் வைத்து! ஒரு வேலையையும் அவர் குறைக்கவில்லை. அதே நாளில் காஞ்சியில் தன் கற்கோவிலுக்குக் குடமுழுக்குக் குறித்திருந்த பல்லவ மன்னனிடம் கனவில் வந்த சிவபெருமான், அதை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கத்தான் சொன்னார். உன் கல்லும் சிற்பமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆகவே அழகை வெறுப்பதற்குப் பூசலார் உங்களுக்கு உதவ மாட்டார். இல்லாத காசில் கோவில் கட்டாதே என்பதற்கு வேண்டுமானால் உதவுவார்.

கொழும்பு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவிலுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். கோபுர வர்ணங்களுக்குப் பழகிய கண்ணுக்கு உள்ளே எளிமையாகத்தான் தெரியும்: கருங்கல் தூண்கள், எண்ணெய் விளக்கு, கல்லில் படிந்த கருமை. ஆனால் தகப்பனார் 1857இல் அமைத்த கோவிலை சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டியது வாரியிறைத்த செலவில். பார்வைக்கு எளிமையாக இருப்பதெல்லாம் மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. (ஒற்றைச் செம்பரத்தம்பூவோடு நிறுத்திக்கொள்கிறவர்களிடமும் சில நேரம் ஒரு கர்வம் உண்டு. உங்கள் கடிதத்தில் அதன் வாசம் லேசாக வீசுகிறது; கோபிக்க வேண்டாம்.)

இப்போது மாமியின் பட்டியலுக்கு வருவோம். சாத்துப்படி சுவாமிக்கு. மேளமும் சுவாமிக்கு, ஒரு நல்ல தவில்காரர் வாசித்தால் வீதியில் நிற்கிற எல்லோருக்கும் அது பிரசாதம். இரண்டாவது கூட்டம், பக்கத்து உபயகாரருக்குக் காட்ட. வீடியோ, கனடாவில் இருக்கிற சொந்தக்காரருக்கு. பதாகை யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. கடைசி மூன்றையும் வெட்டுங்கள். அதன் பிறகும் கையிருப்புப் போதாவிட்டால் கோவில் அலுவலகத்தில் கேளுங்கள்: ஒரு நாள் பூமாலை, விளக்கெண்ணெய், பிரசாதம் என்று சிறிய உபயங்களும் இருக்கும். வேறு இரண்டு குடும்பங்களோடு சேர்ந்தும் செய்யலாம்.

காப்பை மட்டும் கொடுக்காதீர்கள். அடகு வட்டி மாதாமாதம் ஏறும். மீட்க முடியாமற் போனால் நகை ஏலத்துக்குப் போகும். சுவாமிக்குப் பொன் நிறத்தில் சாத்துப்படி செய்துவிட்டு, மருமகள் கவரிங்கோடு நிற்பதைப் பார்த்து எந்த அம்மன் மகிழ்வாள் என்று மாமி நினைக்கிறாரோ தெரியவில்லை.

ஒன்று விட்டுப்போய்விட்டது. இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காப்பு உங்களுடையது, மாமி அவருடைய அம்மா. உபயத்தை எவ்வளவில் செய்வது என்று அம்மாவிடம் பேச வேண்டியவர் அவர்தான். இந்தப் பக்கத்தை முதலில் அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.