கோல்ன் கார்னிவல் ஊர்வலத்தில் நடக்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

ஜெர்மனியின் கோல்ன் நகரில், கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முன் வருகிற வேஷக் கொண்டாட்டமான கார்னிவலின் ஞாயிறன்று பாடசாலைகளும் குடியிருப்புப் பகுதிக் குழுக்களும் போகிற ஊர்வலத்தைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளின் பாடசாலைக் குழுவோடு நடந்து பழகியவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, வேஷம் போட்டுக்கொண்டு குடும்பமாகப் போய் இடையில் சேர்ந்துகொள்ளலாமா?

முடியாது. பதிவு செய்த குழுக்கள்தான் போகலாம். பிள்ளையின் பாடசாலை கலந்துகொள்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். உடுப்புத் தைக்கிற வேலை அங்கே பெற்றோர் தலையில்தான் விழும். தையல் மெஷின் வைத்திருக்கிற அம்மாவுக்கு ராச மரியாதை!

திங்கட்கிழமை நடக்கிற பெரிய ஊர்வலத்தில்?

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முந்தி வருகிற அந்த றோசன்மொன்டாக் ஊர்வலம் 1823இல் தொடங்கியது. அது பெரிய கார்னிவல் சங்கங்களின் ராச்சியம். ஆனால் ஞாயிறன்று பரிசு வாங்குகிற குழுக்களுக்குத் திங்களும் நடக்க வாய்ப்புக் கிடைக்கும்.

நடக்கிறவர்கள் சனத்துக்கு இனிப்பு எறிவார்களே, அதை யார் வாங்கித் தருவது?

பெரும்பாலும் நாங்களேதான். சில பாடசாலைகளில் பெற்றோரிடம் காசு சேர்த்து மொத்தமாக வாங்குவார்கள். கல்லு மாதிரி ரொபியும் கட்டிச் சொக்லேட்டும் வேண்டாம், கண்ணில் பட்டால் வினை. சின்னப் பைக்கற்றில் வருகிற ஜெலி, பொப்கோர்ன் நல்லது. நேரே வீசாமல், கையைக் கீழிருந்து மேலே கொண்டுபோய் மழை மாதிரி விழ விடுங்கள். சனம் "காமெல்லே!" (இனிப்பு!) என்று கத்தும், சிலர் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடிப்பார்கள். அந்தக் குடைக்காரருக்கு நான் போடுவதில்லை! முன்வரிசைச் சின்னப் பிள்ளையின் கையில் நேரே கொடுப்பேன். வாகனச் சில்லுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் விழக்கூடாது, பிள்ளைகள் பாய்ந்துவிடுவார்கள். அப்புறம், தொடக்கத்திலேயே பையைக் காலி பண்ணிவிடாதீர்கள். மிச்சத் தூரம் வெறுங்கையோடு சிரித்துக்கொண்டு போவது பெரிய தண்டனை. மேலதிக இனிப்பைக் குழுவின் இழுவண்டியில் போட்டுவைத்து இடையிடையே நிரப்பலாம்.

"ஹெலாவ்" என்று கத்த வேண்டுமா?

ஐயோ, அது பக்கத்து நகரமான டுசல்டோர்ஃப் ஆட்கள் சொல்வது. இங்கே கார்னிவல் கோஷம் "கோல்லே ஆலாஃப்!" மாறிச் சொன்னால் பகிடி பண்ணியே ஒரு வழி ஆக்கிவிடுவார்கள்.

சேலை கட்டிக்கொண்டு நடக்கலாமா அக்கா?

குழு ஒரு கருப்பொருள் எடுத்து எல்லோரும் ஒரே மாதிரி உடுப்பார்கள், தனியாக மாற முடியாது. மாசி மாதக் குளிரில், ஈரத் தெருவில், சேலைக்கரை என்ன பாடுபடும் என்று நீங்களே யோசியுங்கள்.

குளிருக்கு?

வேஷ உடுப்பை ஒரு சைஸ் பெரிதாகத் தைத்து உள்ளே குளிர் ஜாக்கெட் போடுங்கள். சப்பாத்து பழகினதாக இருக்கட்டும்.

நடுவில் கழிவறைக்குப் போக முடியுமா?

குழு நிற்காது, விட்டுவிட்டு ஓடினால் கூட்டத்துக்குள் திரும்பப் பிடிப்பதும் கஷ்டம். காலையில் கோப்பியைக் குறையுங்கள், கிளம்பமுன் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். முதுகுப்பக்கம் சிப் வைத்த ஒற்றைத் துண்டு உடுப்பைத் தயவுசெய்து தைக்காதீர்கள்.