சாம் விழித்த நேரம்

அன்புள்ள அக்கா,

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களைப் பள்ளி நாட்களிலேயே பார்த்துவிட்டேன். டோல்கியன் எழுதிய மூல நாவலை இந்த வருடம்தான் முடித்தேன். அன்றிலிருந்து நண்பர்களுக்குள் ஓயாத சண்டை. படங்களை இயக்கிய பீட்டர் ஜாக்சன் நாவலைக் கெடுத்துவிட்டார் என்கிறான் ஒருவன். டாம் பாம்படில் என்ற பாத்திரமே இல்லை, கடைசியில் ஹாபிட்கள் என்கிற குள்ள மனிதர்கள் தங்கள் ஊரான ஷையரை மீட்கும் அத்தியாயம் இல்லை, ஃபாராமிர் என்கிற வீரனைத் தடுமாறுகிறவனாக ஆக்கிவிட்டார்கள் என்று அடுக்குகிறான். டோல்கியனின் மகனே படங்களை ஏற்கவில்லை என்பது அவனுடைய கடைசி அஸ்திரம். சினிமா வேறு ஊடகம், ஒப்பிடவே கூடாது என்கிறான் இன்னொருவன். படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்த நான் உண்மையான வாசகனே இல்லை என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. வித்தியாசங்களைப் பெரிய மாற்றம், நடுத்தர மாற்றம், சின்ன மாற்றம் என்று பிரித்து, மதிப்பெண் போட்டு இணைத்திருக்கிறேன். படம் நாவலுக்கு நியாயம் செய்ததா? எதை முதலில் அணுகுவது சரி?

கே.

அன்புள்ள தம்பி,

சில வாரங்களாக டோல்கியனின் கடிதங்களை மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வேளையில் உங்கள் கடிதம் வந்ததால்தான் உடனே எழுதுகிறேன். இல்லையென்றால் மதிப்பெண் பட்டியலோடு வருகிற கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

உண்மையான வாசகன் யார் என்ற பேச்சை முதலில் தூக்கிப் போடுங்கள். அந்தப் படங்களில் சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீ, டோல்கியனை நேரில் பார்த்தவர். வருடம் தவறாமல் அந்த நாவலை வாசித்தவர். புத்தகத்தை அவ்வளவு நேசித்த மனிதர் படத்தில் நடிப்பதைத் துரோகமாக நினைக்கவில்லை. நீங்கள் எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்று நிறுத்தி விசாரிக்க உங்கள் நண்பர்கள் யார்? அவர்கள் கேட்டதற்காக நீங்கள் ஏன் சான்றிதழ் கேட்டு எனக்கு எழுதுகிறீர்கள்? படித்தீர்கள், பிடித்தது, தூக்கம் கெட்டது. அது போதும்.

டாம் பாம்படிலை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. மார்டன் சிம்மர்மன் என்பவர் சினிமாவுக்காக எழுதிய ஒரு திரைக்கதைச் சுருக்கம் டோல்கியனுக்கு வந்தது. 1958இல் அவர் அதை வரிவரியாகப் படித்துக் கோபமும் வேதனையுமாக ஒரு கடிதத்தில் குறிப்புகள் எழுதினார். அதில் பாம்படிலின் துணைவி கோல்ட்பெரியைப் பற்றி ஒரு வரி வருகிறது. அர்த்தமில்லாமல் தலைகாட்டுவதைவிட அவள் காணாமல் போவதே மேல் என்கிறார். எழுதியவரே அப்படிச் சொல்லியிருக்க, நீங்கள் ஏன் அழுகிறீர்கள்? ஃபாராமிர் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது சரி. வழியில் கிடந்தால்கூட அந்தத் தீய மோதிரத்தை எடுக்கமாட்டேன் என்று சொன்ன மனிதனை, அதை அழிக்கப் போகிற ஹாபிட்டான ஃப்ரோடோவையும் மோதிரத்தோடு சேர்த்து ஊருக்கு இழுத்துப் போகிறவனாக்கினார்கள். கடைசியில் திருந்திவிடுகிறான் என்பதால் அது சரியாகிவிடாது. ஷையரை மீட்கும் அத்தியாயம் எனக்கும் வேண்டும்தான். ஆனால் திரையில் உச்சக்கட்டம் முடிந்த பிறகு இன்னொரு போரை உட்கார்ந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். மகன் கிறிஸ்டோபர் டோல்கியன் 2012இல் ஒரு பிரெஞ்சு நாளிதழிடம், நாவலின் குடலை உருவி இளைஞர்களுக்கான அடிதடிப் படமாக்கிவிட்டார்கள் என்று மனம் கசந்து பேசினார். அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளோடு வாழ்நாளைக் கழித்தவருக்கு அந்த உரிமை உண்டு. உங்கள் நண்பர் அதைக் கடன் வாங்கி வீசக் கூடாது.

ஊடகம் வேறு, ஒப்பிடக் கூடாது என்கிற நண்பரிடம் எனக்கு இன்னும் கோபம். அது சிந்திக்க மறுப்பவர்கள் ஒதுங்குகிற திண்ணை. அந்த 1958ஆம் வருடத்துக் கடிதத்திலேயே டோல்கியன், எந்த ஊடகமானாலும் கதை சொல்லும் கலையின் விதிகள் முழுக்க வேறாகிவிட முடியாது என்கிறார். குறைப்பதை அவர் எதிர்க்கவில்லை. எல்லாவற்றையும் திணித்து நெரிப்பதைவிட ஒரு பகுதியை அப்படியே வெட்டிவிடுங்கள் என்பது அவர் கட்சி. என்ட்கள் என்கிற மரமனிதர்களையும் ஹார்ன்பர்க் கோட்டைச் சண்டையையும் இரண்டையும் உருப்படியாகக் காட்ட இடமில்லையென்றால் கோட்டைச் சண்டையைத்தான் விட வேண்டும், மையக் கதைக்கு அது தேவையில்லை என்றுகூடச் சொன்னார். 2002இல் வந்த இரண்டாம் படம் அந்தச் சண்டையைத்தான் தன் முதுகெலும்பாக வைத்துக்கொண்டது. அதற்காகவும் நான் சண்டை போடப் போவதில்லை. மழையில் நனைந்த அந்த இரவை நானும் வாயைப் பிளந்து பார்த்தவள்தான்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். 'சின்ன மாற்றம்' என்ற தலைப்பின் கீழ், கடைசியிலிருந்து மூன்றாவதாக, இப்படி எழுதியிருக்கிறீர்கள்: சிரித் உங்கோல் படிக்கட்டில், வழிகாட்டியாக வருகிற கோல்லம் ரொட்டியை எறிந்துவிட்டு ஃப்ரோடோவின் பணியாள் சாம் மேல் பழி போடுவது நாவலில் இல்லை, பரபரப்புக்காகச் சேர்த்திருக்கிறார்கள், பத்துக்கு எட்டு.

தம்பி, அந்த எட்டைப் பார்த்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாவலில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பது நினைவிருக்கிறதா? புத்தகம் மூன்று பாகங்களாக அச்சானாலும் உள்ளே ஆறு புத்தகங்கள். நான்காம் புத்தகத்தின் எட்டாம் அத்தியாயம். எதிரியின் நாடான மோர்டோரின் எல்லையில் ஏறி ஏறிக் களைத்துப்போன ஃப்ரோடோ, சாமின் மடியில் தலை வைத்துத் தூங்குகிறான். சாமும் கண்ணயர்ந்துவிட்டான். ஒருகாலத்தில் அந்த மோதிரத்தை வைத்திருந்து, அதனால் சீரழிந்து, அதை இழந்தவன் கோல்லம். அவன் எங்கோ போய்த் திரும்பி வருகிறான். போனது ஷெலோப் என்கிற அந்தச் சிலந்தியின் பக்கம் என்று நமக்குப் பிறகு புரிகிறது. இவர்களை அதற்கு இரையாக்கி மோதிரத்தை மீட்பதாகத் திட்டம். அப்படிப்பட்டவன் தூங்குகிற இருவரையும் பார்க்கிறான். வந்த வழியைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டுகிறான். உள்ளே ஏதோ வழக்கு நடக்கிறது. அருகில் வந்து, நடுங்குகிற கையை நீட்டி, ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். அது கிட்டத்தட்ட வருடல். அந்தக் கணத்தில் யாராவது விழித்துப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருப்பது ஒரு களைத்த கிழ ஹாபிட்; தன் காலத்தையும் உறவுகளையும் தாண்டி வெகுகாலம் இழுபட்டுவிட்ட ஒரு பாவப்பட்ட உயிர்.

ஃப்ரோடோ தூக்கத்தில் முனகுகிறான். சாம் விழிக்கிறான். எஜமானின் மேல் கோல்லத்தின் கை இருப்பதைப் பார்த்ததும் அதட்டுகிறான். எங்கே பதுங்கிப் போனாய், எதற்குப் பதுங்கி வந்தாய், கிழட்டு அயோக்கியனே என்கிறான். கை பின்வாங்குகிறது. கண்ணில் பச்சை ஒளி ஏறுகிறது. அந்தக் கணம் போய்விட்டது, இனித் திரும்பாது என்று டோல்கியன் எழுதுகிறார். சாம் பிறகு மன்னிப்பும் கேட்கிறான், திடுக்கிட்டுவிட்டேன் என்கிறான். பயனில்லை.

இதைக் கதையில் வந்துபோகிற ஒரு சின்ன நெகிழ்ச்சியாக நினைக்கிறீர்களா? 1955இல் தன் அமெரிக்கப் பதிப்பகத்துக்கு எழுதும்போது டோல்கியன், தன் கதையிலேயே தன்னை அசைக்கிற இடங்களைச் சொல்கிறார். அதிகம் சிலிர்க்க வைப்பது, சேவல் கூவும் நேரத்தில் ரோஹிரிம் என்கிற குதிரைவீரர்களின் கொம்புகள் ஒலிப்பது. அதிகம் துயரப்படுத்துவது, கோல்லம் மனம் திரும்ப மயிரிழை இருக்கும்போது சாம் குறுக்கிட்டு அது நழுவிப்போவது. 1963இல் எழுதிய இன்னொரு கடிதத்தில் மேலும் போகிறார். கோல்லத்தின் குரலும் முகமும் மாறியதை சாம் கவனிக்கத் தவறினான், மனந்திரும்புதல் கருகியது, ஃப்ரோடோ காட்டிய இரக்கமெல்லாம் ஒருவகையில் வீணானது, ஷெலோப்பின் குகை அதற்குப் பிறகு தவிர்க்க முடியாததாகிவிட்டது என்கிறார்.

இரண்டு இடங்கள். முதலாவதை ஜாக்சன் எப்படி எடுத்தார் என்று சொல்லத் தேவையில்லை. விடியலில் அந்தக் கொம்புகள் ஊதும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். இரண்டாவதை எடுக்கவே இல்லை. அதே படிக்கட்டில், அதே தூங்குகிற இருவரின் பக்கத்தில், கோல்லம் ரொட்டியைப் பள்ளத்தில் எறிகிறான், துணுக்குகளை சாமின் உடையில் தூவுகிறான், ஃப்ரோடோ அதை நம்பி சாமைத் திரும்பிப் போகச் சொல்கிறான். மனம் மாறவிருந்த ஒருவனின் கை இருந்த இடத்தில் ஒரு சூழ்ச்சிக்காரனின் கை. இதற்கா எட்டு?

இந்த இடத்தில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று சொல்லிவிடுகிறேன். என் சின்ன மாமா வீட்டில் கைவைத்துக்கொண்டே இருந்தவர். பணம், பாத்திரம், ஒருமுறை என் புத்தகங்கள்கூட. எல்லோரும் பேசுவதை நிறுத்தியிருந்த காலத்தில் ஒரு ராத்திரி கூடத்தில் பேச்சுக்குரல் கேட்டு நான் எழுந்து போனேன். பாட்டி படுத்திருந்தாள். மாமா அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். பிடிக்கவுமில்லை, அமுக்கவுமில்லை, சும்மா வைத்திருந்தார். பாட்டி அப்போதுதான் விழித்திருந்தாள். "இப்ப எத எடுக்க வந்த?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா" என்றார் மாமா. கையை எடுத்துக்கொண்டார். விடிந்தபோது அவரும் இல்லை, பாட்டியின் சங்கிலியும் இல்லை. அதற்கப்புறம் அவர் வீட்டுக்கு வந்ததில்லை. பாட்டியை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த வீட்டைக் கட்டிக் காத்தவள் அவள்தான், மாமாவைப் பற்றிய அவள் சந்தேகம் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. அன்றிரவு அவர் எதற்காக உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் போனது. பல வருடம் கழித்து அந்த எட்டாம் அத்தியாயத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கோ இங்கிலாந்தில் உட்கார்ந்து ஒரு பேராசிரியர் எங்கள் கூடத்தை எப்படிப் பார்த்தார்?

அங்கே கெடுத்தது கெட்டவன் இல்லை என்பதுதான் டோல்கியனின் தைரியம். கதையிலேயே மிக நல்லவன், அன்பினாலும் விழிப்பினாலும், ஒரு வார்த்தையில் கெடுக்கிறான். படம் சாமைக் கறைபடியாதவனாக வைத்துக்கொண்டது. அநியாயமாகப் பழி சுமந்த அப்பாவியாக்கி நம்மை அழவும் வைத்தது. அழுகை நன்றாகத்தான் வந்தது. ஆனால் அது மலிவான அழுகை, தம்பி.

உங்கள் நண்பர் ஒன்று சொல்லக்கூடும். இரண்டாம் படத்தின் முடிவிலேயே கோல்லம் இவர்களை 'அவளிடம்', அதாவது ஷெலோப்பிடம், கூட்டிப்போக முடிவு செய்துவிட்டானே, பிறகு எப்படித் தயங்குவான்? நாவலிலும் அவன் முடிவு செய்துவிட்டுத்தான் தயங்குகிறான். முடிவெடுத்த பிறகும் ஒருவனுக்குத் திரும்பும் வழி திறந்திருந்தது என்பதுதான் அந்தக் காட்சியின் உயிரே. நேரமில்லை என்ற சாக்கும் செல்லாது. மூன்றாம் படம் மூன்று மணி நேரத்துக்கும் மேலே. இந்தக் காட்சிக்கு இரண்டு நிமிடம் போதும். வசனம் வேண்டாம், படை வேண்டாம், குதிரை வேண்டாம். கோல்லமாக நடித்த ஆண்டி செர்கிஸின் முகம் போதும். ஸ்மீகல் என்ற அவன் பழைய மனமும் கோல்லமும் ஒரே உடலுக்குள் வாதாடுகிற காட்சியை இரண்டாம் படத்தில் அவரை வைத்து எடுத்தவர்கள்தானே இவர்கள்? அதைப் பார்த்தவர்கள் யாரும் இவர்களால் முடியாது என்று சொல்லமாட்டார்கள். முடியும். செய்யவில்லை.

அது அந்த ஒரு காட்சியோடும் நிற்கவில்லை. மோதிரத்தை அழிக்க வேண்டிய டூம் மலையில், நாவலில் சாமுக்கு கோல்லத்தைக் கொல்லும் வாய்ப்பு வருகிறது. வாள் கையில் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. புழுதியில் கிடக்கிற அந்தப் பிறவியை அவனால் வெட்ட முடியவில்லை. தானும் கொஞ்ச நேரம் மோதிரத்தைச் சுமந்தவன் என்பதால் அவனுக்கு ஏதோ புரிகிறது. படிக்கட்டில் தவறவிட்டதை சாம் அங்கே ஈடு செய்கிறான். படத்தில் முதலாவது இல்லாததால் இரண்டாவதற்கும் இடமில்லை. வெறும் மல்லுக்கட்டுதான் மிச்சம். எல்லாம் முடிந்து எரிமலை வெடிக்கும்போது, கோல்லம் இல்லையென்றால் என்னால் மோதிரத்தை அழித்திருக்க முடியாது, அவனை மன்னித்துவிடுவோம் என்று ஃப்ரோடோ சொல்கிறான். அந்த மன்னிப்பும் திரையில் வரவில்லை. முதல் படத்தில், மோரியா சுரங்கத்தின் இருட்டில், உயிரைப் பறிக்க அவசரப்படாதே என்று மந்திரவாதி கந்தால்ஃப் இரக்கத்தைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசினாரே, அதற்கு நாவல் கொடுத்த பதில்கள் இவை. படம் கேள்வியை வைத்துக்கொண்டு பதில்களை விட்டுவிட்டது. மூன்றாம் படம் போட்டியிட்ட 11 பிரிவுகளிலும் ஆஸ்கர் வாங்கியது, தழுவல் திரைக்கதைக்கும் சேர்த்து. வாங்கட்டும். நான் கேட்பது அந்த முழங்காலைத் தொட்ட கையை.

படம் முதலா, புத்தகம் முதலா என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு இரண்டும் ஆகிவிட்டது, இனி எதற்கு அந்தக் கேள்வி? நான்காம் புத்தகத்தை எடுங்கள். எட்டாம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு பக்கங்களை வாய்விட்டு வாசியுங்கள், நண்பர்கள் எதிரில் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு அந்த எட்டை அடித்துவிட்டு வேறு எண் போடத் தோன்றினால் போடுங்கள். பட்டியலை மட்டும் மறுபடி எனக்கு அனுப்ப வேண்டாம். வாசித்தபோது என்ன நடந்தது என்று எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன்.

அன்புடன்,
அக்கா