பிரேசில் இசையமைப்பாளர் டாம் ஜோபிமை ஏன் போசா நோவா என்ற இசை வகையின் தந்தை என்கிறார்கள்? அப்படி என்ன புதிதாகச் செய்தார்?

பழைய கேசியோ கீபோர்டு பல வீடுகளில் இருந்திருக்கும், அதில் வால்ட்ஸ், ரும்பா வரிசையில் 'போசா நோவா' என்றும் ஒரு ரிதம் இருக்கும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். அந்தத் தாளம்தான் போசா நோவா என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான். பிரேசிலின் சம்பா நடன இசையின் மேளச் சத்தத்தை ஒற்றை கிட்டாருக்குள் அடக்கியவர் பாடகர் ஜுவாவ் ஜில்பெர்த்தோ. ஜோபிம் கொடுத்தது மெட்டும், அதற்கு அடியில் நகரும் கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்). அதனால் தந்தை என்று ஒருவரை மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, பாட்டெழுதிய வினிசியஸ் ஜி மொராயிஸையும் சேர்த்து மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் என்ன செய்தார் என்பதற்குப் பேச்சைவிட கீபோர்டே நல்ல சாட்சி. வலது கையில் எஃப் கட்டையை மட்டும் விடாமல் தட்டுங்கள். இடது கையில் டி மைனர் செவன்த், டி ஃபிளாட் செவன்த், சி மைனர் செவன்த், பி செவன்த் (இதில் ஐந்தாவது ஸ்வரத்தை அரைச் சுருதி இறக்கி) என்று ஒவ்வொரு படியாக இறங்குங்கள். மேலே ஒரே ஸ்வரம்தான், ஆனால் ஒவ்வொரு கார்டு மாறும்போதும் அது வேறு ஸ்வரம் போலக் கேட்கும். இதுதான் நியூட்டன் மெண்டோன்சாவுடன் சேர்ந்து அவர் செய்த 'ஒரு ஸ்வர சம்பா' என்ற பாட்டு. முதல் தடவை வாசித்தபோது, நான்தான் ஏதோ தப்பாக வாசிக்கிறேன் என்று நினைத்து நிறுத்திவிட்டேன்!

ஜோபிம் 1927இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்து இபனேமா கடற்கரைப் பக்கம் வளர்ந்தவர். கட்டடக்கலை படிக்கப் போய்ப் பாதியில் விட்டார். இரவில் கோபகபானா பார்களில் பியானோ, பகலில் ஒரு ரெக்கார்டு கம்பெனியில் இசைக்குறிப்பு எழுதத் தெரியாத இசையமைப்பாளர்களின் மெட்டுகளைத் தாளில் எழுதிக்கொடுக்கும் வேலை. 1956இல் தன் மேடை நாடகத்துக்கு இசையமைக்க ஆள் தேடிய வினிசியஸ் கண்ணில் பட்டார். 1958இல் இருவரும் எழுதிய 'ஷேகா ஜி சவுதாஜி' பாட்டை ஜில்பெர்த்தோ பாட, போசா நோவா பிறந்தது.

'இபனேமாவின் பெண்' பாட்டு எல்லோருக்கும் தெரியும். பாரில் உட்கார்ந்து அங்கேயே எழுதியது என்ற கதை சுவையானதுதான். ஆனால் பாருக்கு முன்னால் நடந்துபோன பெண் நிஜமே தவிர, மெட்டை ஜோபிம் வீட்டில் போட்டார், வரிகளை வினிசியஸ் பெட்ரோபோலிஸ் ஊரில் எழுதினார். அந்தப் பாட்டின் பதிவுக்கு 1965இல் கிராமி விருது, 1967இல் ஃப்ராங்க் சினாட்ராவுடன் ஒரு முழு ஆல்பம் என்று அதன்பின் உலகமே அவரைப் பாடியது. கூடவே லிஃப்ட்டிலும் ஹோட்டல் வரவேற்பறையிலும் ஓடவிடும் இசை என்ற கெட்ட பெயரும் வந்து சேர்ந்தது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1968, பிரேசிலில் ராணுவ ஆட்சி. ரியோ பாட்டுப் போட்டியில் ஜோபிமும் பாடலாசிரியர் சிக்கோ புவார்க்கேயும் செய்த 'சபியா' பாட்டுக்குப் பரிசு கொடுத்தார்கள், அரங்கமே கூச்சல் போட்டது. கூட்டத்துக்கு வேண்டியிருந்தது நேரடியான எதிர்ப்புப் பாட்டு. இதுவோ மென்மையாக, சபியா பறவையின் குரல் கேட்க ஊர் திரும்பப்போகிறேன் என்கிற பாட்டு. நாடு கடந்து வாழ்பவனின் ஏக்கம் அது என்று அன்று யாருக்கும் உறைக்கவில்லை. சில மாதத்தில் சிக்கோவே இத்தாலிக்குப் போய்த் தங்க வேண்டியதாயிற்று.

ஜோபிம் 1994 டிசம்பரில் நியூயார்க்கில் இறந்தார். ரியோ சர்வதேச விமான நிலையத்துக்கு இப்போது அவர் பெயர்தான். அங்கே வந்து இறங்குவதைப் பற்றி அவரே ஒரு பாட்டுப் போட்டிருந்தார் என்பதால் பொருத்தம்தான்.

சரி, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், இபனேமாவை விட்டுவிட்டு 'மார்ச் மாதத்து மழைநீர்' கேளுங்கள். 1974இல் பிரேசில் பாடகி எலிஸ் ரெஜினாவுடன் அவர் பாடிய பதிவு. குச்சி, கல், பாதையின் முடிவு என்று வெறும் பொருள்களின் பட்டியல்தான் பாட்டு. மெட்டு இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தாண்டாமல் சுற்ற, அடியில் பேஸ் (கீழ் ஸ்வரம்) மட்டும் படிப்படியாக இறங்கும், அதே பழைய வித்தை. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் எலிஸுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.