அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டாக்டர்களோடு சேர்ந்து நோயாளியைப் பரிசோதித்து, என்ன நோய் என்று கண்டறிந்து, மருந்தும் எழுதித் தருபவர் பிசிஷியன் அசிஸ்டன்ட். 1965-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த 4 பேரைச் சேர்த்துத் தொடங்கிய படிப்பு இது. இன்று அங்கே 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முதுகலைப் படிப்பாக நடக்கிறது. பெரும்பாலும் இரண்டேகால் வருடம். பாதி வகுப்பறை, பாதி மருத்துவமனை. 'பி.ஏ.' என்று சுருக்கினால் நம்மவர்களுக்கு வேறு பட்டம் நினைவுக்கு வரும் என்பதால் முழுப் பெயரையே எழுதுகிறோம்.

மகள் பயாலஜி இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எந்தெந்தப் பாடங்களை முடித்திருக்க வேண்டும்? டிகிரி பயாலஜியில் இருந்தால் போதாதா?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

போதாது. டிகிரி எதில் இருந்தாலும் பரவாயில்லை. இசை படித்தவர்கூடச் சேரலாம். பார்ப்பது பாடங்களைத்தான். ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளும் கேட்பவை: ஆய்வகத்தோடு அனாட்டமி, ஃபிசியாலஜி, ஆய்வகத்தோடு மைக்ரோபயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர், புள்ளியியல், உளவியல். இதற்கு மேல்தான் ஊருக்கு ஊர் மாறும். ஒரு கல்லூரி ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கேட்கும், பக்கத்துக் கல்லூரி பயோகெமிஸ்ட்ரி கேட்கும், இன்னொன்று ஜெனடிக்ஸ் கேட்கும். மெடிக்கல் டெர்மினாலஜி என்ற ஒரு கிரெடிட் பாடம் இல்லாததால் மட்டும் ஒதுக்கப்படும் விண்ணப்பங்களும் உண்டு.

பயாலஜி மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அவர்கள் துறையில் 'அனிமல் ஃபிசியாலஜி', 'கம்பேரட்டிவ் அனாட்டமி' என்று பாடங்கள் இருக்கும். பல கல்லூரிகள் மனித உடலைப் பற்றிய பாடத்தையே கேட்கின்றன. அனாட்டமி-ஃபிசியாலஜி ஒன்று, இரண்டு எனச் சேர்த்து நடத்தும் பாடமாக இருந்தால் இரண்டு பகுதியையும் முடித்தால்தான் செல்லும்; ஒன்றை மட்டும் படித்தால் அனாட்டமியும் கணக்கில் வராது, ஃபிசியாலஜியும் வராது. உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடம் படித்து வாங்கிய ஏ.பி. கிரெடிட்டை அறிவியல் பாடங்களுக்கு ஏற்காத கல்லூரிகள் நிறைய. பாஸ்/ஃபெயில் என்று மட்டும் போட்ட மதிப்பெண்ணும் பெரும்பாலும் செல்லாது, 'சி'க்குக் குறைந்ததும் செல்லாது. படித்து 5, 7 அல்லது 10 வருடம் ஆகிவிட்டால் காலாவதி என்று விதி வைத்திருப்பவையும் உண்டு.

ஆகவே இப்போதே மகளை உட்கார வைத்து, அவள் சேர விரும்பும் 10 கல்லூரிகளின் பக்கங்களைத் திறந்து ஒரே எக்செல் தாளில் எழுதச் சொல்லுங்கள்: பாடங்கள், ஆய்வகம் வேண்டுமா, ஆன்லைன் ஆய்வகம் ஏற்பார்களா, காலாவதி, எத்தனை மணி நேர அனுபவம், கடைசித் தேதி எந்த வகை. அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பதிவு செய்வது அந்தத் தாளைப் பார்த்த பிறகு நடக்கட்டும். முதலில் படித்துவிட்டு, பிறகு கல்லூரி தேடுபவர்களுக்குத்தான் ஒரு வருடம் வீணாகிறது.

ஜி.ஆர்.இ. எழுத வேண்டுமா?
– வாசகர், சான் ஹோசே

முதுகலைச் சேர்க்கைக்கான இந்தப் பொதுத் தேர்வு சில கல்லூரிகளுக்கு வேண்டும், பலர் கைவிட்டுவிட்டார்கள். சிலர் பிஏ-கேட் என்ற தனித் தேர்வையும், சிலர் கேஸ்பர் என்ற சூழல்-முடிவுத் தேர்வையும் கேட்கிறார்கள். உங்கள் பட்டியலில் உள்ள கல்லூரிகள் கேட்டால் மட்டும் எழுதுங்கள்.

மகன் இரண்டு வருடமாக ஒரு கிளினிக்கில் வாரம் 24 மணி நேரம் வேலை செய்கிறான். சில நேரம் முன்மேசை, சில நேரம் நோயாளிகளை உள்ளே அழைத்துப்போய் பிரஷர் பார்ப்பது. அதற்கு முன் ஆறு மாதம் ஸ்கிரைப் வேலை, அதாவது டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போது குறிப்பெடுப்பது. எல்லாவற்றையும் கூட்டி 2,400 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. போதும்தானே?
– வாசகர், கேரி, வட கரோலினா

கூட்டிய விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. விண்ணப்பங்கள் காஸ்பா என்ற பொதுத் தளம் வழியாகவே போகின்றன. அதில் அனுபவத்துக்குத் தனித்தனிப் பெட்டிகள் உண்டு. நோயாளியின் பராமரிப்புக்கு நேரடியாகப் பொறுப்பேற்றுச் செய்தது ஒரு பெட்டி. மருத்துவச் சூழலில் இருந்தும் நோயாளியைத் தொடாத வேலை இன்னொரு பெட்டி. டாக்டரையோ பிசிஷியன் அசிஸ்டன்டையோ கூட நின்று பார்த்தது மூன்றாவது பெட்டி. ஒரே மணி நேரத்தை இரண்டு பெட்டிகளில் போடக் கூடாது.

உங்கள் மகன் வாரம் 24 மணியில் 16 மணி நோயாளிகளோடும் 8 மணி முன்மேசையிலும் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 50 வாரம் என்றால் நேரடிப் பராமரிப்பு 800, மற்றது 400. இரண்டு வருடத்துக்கு 1,600, 800. இதை ஒரே வேலையின் கீழ் இரண்டு பதிவாகப் பிரித்து எழுத வேண்டும். மொத்தத்தையும் முதல் பெட்டியில் போட்டுவிட்டு, மேலாளரைத் தொலைபேசியில் கேட்டபோது வேறு கணக்கு வந்தால், மணி நேரம் மட்டுமல்ல, மகனின் நேர்மையும் கேள்விக்குள்ளாகும். அந்தத் துறையில் அதற்கு மன்னிப்பே இல்லை.

ஸ்கிரைப் வேலையை நேரடிப் பராமரிப்பாக ஏற்கும் கல்லூரிகளும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகே நம்புங்கள். சந்தேகமே இல்லாமல் செல்பவை: நர்சிங் அசிஸ்டன்ட், ஆம்புலன்ஸில் போகும் ஈ.எம்.டி., மெடிக்கல் அசிஸ்டன்ட், ரத்தம் எடுக்கும் ஃபிளெபாட்டமிஸ்ட், ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட், நர்ஸ். இவற்றில் சீக்கிரம் நுழையக்கூடியது நர்சிங் அசிஸ்டன்ட். மத்திய அரசு விதிப்படி பயிற்சி குறைந்தது 75 மணி நேரம், மாநிலத்துக்கு மாநிலம் அதற்கு மேல்.

எத்தனை வேண்டும் என்றால், 500 கேட்பவர்களும் 1,000 கேட்பவர்களும் 2,000 கேட்பவர்களும் இருக்கிறார்கள். முழுநேரமாக ஒரு வருடம் வேலை பார்த்தால் 2,080 மணி. குறைந்தபட்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவர், அதைப் போல் மூன்று மடங்கு வைத்திருப்பவரோடு போட்டியிடுகிறார் என்பதை மறக்க வேண்டாம்.

பதிவில் என்ன எழுதுகிறார்கள் என்பதும் முக்கியம். 'நோயாளிகளுக்கு உதவினேன், பிரஷர் பார்த்தேன்' என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. 'ஒரு ஷிஃப்டில் 18 நோயாளிகள், மருந்துப் பட்டியலைக் கேட்டுச் சரிபார்த்தேன், 12-லீட் ஈ.சி.ஜி. எடுத்தேன், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றினேன், அளவு மீறிய பிரஷரை உடனே டாக்டரிடம் சொன்னேன்' என்று எழுதினால் அந்தக் கிளினிக்கே கண்ணில் தெரியும்.

இளங்கலையில் ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) 2.9. குறைந்தபட்சம் 3.0 கேட்கிறார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் 'சி'. திரும்பப் படித்து 'ஏ' வாங்கினால் பழையது போய்விடும் அல்லவா?
– வாசகர், ஹூஸ்டன்

உங்கள் கல்லூரியின் கணக்கில் போகலாம், காஸ்பாவில் போகாது. அது ஒவ்வொரு முயற்சியையும் சேர்த்தே கணக்கிடும். 'ஏ'க்கு 4 புள்ளி, 'சி'க்கு 2. ஆகவே 4 கிரெடிட் பாடத்தில் 'சி'யும் பிறகு 'ஏ'யும் வாங்கினால் 8 கிரெடிட்டுக்கு சராசரி 3.0 என்றுதான் வரும். பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடங்களும் இதில் வந்து சேரும். அந்தக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்ட்டும் (அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியல்) அனுப்ப வேண்டும். மறந்துவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

இனி கணக்கைப் பாருங்கள். 120 கிரெடிட், 2.9 என்றால் 348 புள்ளி. மேலும் 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கினால் 120 புள்ளி கூடும். 468-ஐ 150-ஆல் வகுத்தால் 3.12. ஒரு வருட முழுநேரப் படிப்புக்கு இவ்வளவுதான் ஏறும். ஆனாலும் இது வீண் உழைப்பு அல்ல. கடைசி 60 கிரெடிட்டைத் தனியாகப் பார்க்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அறிவியல் பாடங்களின் சராசரியைக் காஸ்பாவே தனியாகக் கணக்கிட்டுத் தருகிறது. 'சி' வாங்கிய பாடம் கட்டாயப் பாடமாக இருந்தால் திரும்பப் படியுங்கள். இல்லையென்றால் அதே நேரத்தில் பயோகெமிஸ்ட்ரி, ஜெனடிக்ஸ், இம்யூனாலஜி போன்ற மேல்நிலைப் பாடங்களில் 'ஏ' வாங்குவது உங்களுக்கு அதிகம் உதவும் என்பது எங்கள் கருத்து.

சென்னையில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டன்ட் முடித்து இதய அறுவைப் பிரிவில் வேலை செய்கிறேன். அமெரிக்காவில் நேரடியாகத் தேர்வு எழுத முடியுமா?
– வாசகி, சென்னை

முடியாது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் பணம் வாங்கும் ஏஜென்ட்கள் இருப்பதால் அழுத்திச் சொல்கிறோம். இந்தப் பணியை இந்தியாவுக்கு 1992-ல் கொண்டுவந்ததே சென்னைதான்; மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம்.செரியன் தொடங்கினார். உங்கள் படிப்பின் தரம் குறைவு என்பதல்ல காரணம். அமெரிக்காவில் உரிமம் பெற எழுத வேண்டிய தேர்வு பான்ஸ், 300 கேள்விகள். அங்குள்ள ஆர்க்-பிஏ அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முடித்தவர் மட்டுமே அதை எழுதலாம். வேறு நாட்டுப் படிப்புக்கு இணைத்தன்மை வழங்கும் வழி இல்லை.

எனவே அங்கே முதுகலையில் புதிதாகச் சேர வேண்டும். உங்கள் டிகிரியையும் மதிப்பெண்களையும் டபிள்யூ.ஈ.எஸ்., ஈ.சி.ஈ. போன்ற நிறுவனத்திடம் கொடுத்து, பாடவாரியான மதிப்பீடு வாங்க வேண்டும். மொத்தமாக 'இளங்கலைக்கு இணை' என்று மட்டும் சொல்லும் மலிவான அறிக்கையை வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய. அதில் பாடமும் கிரெடிட்டும் இருக்காது என்பதால் பயன்படாது. பல கல்லூரிகள் கட்டாய அறிவியல் பாடங்களை அமெரிக்கக் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்கின்றன. மாணவர் விசாவில் வருபவர்களைச் சேர்க்காத கல்லூரிகளும் உண்டு. இந்த மூன்றையும் தாண்டும் கல்லூரிகளைத் தேடிப் பட்டியலிட்ட பிறகு செலவைப் பற்றி யோசியுங்கள். அறுவைப் பிரிவு அனுபவம் உங்கள் பலம். மருத்துவமனை தலைப்புத்தாளில் தேதி, வாராந்திர மணி நேரம், செய்த பணிகள் எல்லாம் இருக்கும்படி இப்போதே சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரி மாறிய பிறகு அது கிடைப்பது கஷ்டம்.

நான் எம்.பி.பி.எஸ். முடித்தவள். கணவரின் வேலை விசாவில், எச்-4-ல் இருக்கிறேன். ரெசிடென்சிக்கு (இங்கே டாக்டராக வேலை செய்யத் தேவையான மருத்துவமனைப் பயிற்சி) பதில் இதில் சேர்ந்தால் எளிதா?
– வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

எளிதல்ல, வேறு பாதை. டாக்டர் பட்டத்துக்காக ஒரு செமஸ்டரைக்கூடக் குறைக்க மாட்டார்கள். அனாட்டமி முதல் எல்லாம் மறுபடி. எச்-4-ல் படிக்கத் தடை இல்லை. சம்பளம் வாங்கி அனுபவ மணி நேரம் சேர்க்க வேலை அனுமதி வேண்டும். அரசுக் கல்விக் கடனும் கிடைக்காது. நேர்காணலில் கட்டாயம் வரும் கேள்வி, 'ஏன் டாக்டராகத் தொடரவில்லை?' என்பது. 'ரெசிடென்சி கிடைக்கவில்லை' என்பது மட்டுமே பதிலாக இருந்தால், இந்தப் பணி உங்களுக்கு இரண்டாம் தேர்வு என்று புரிந்துகொள்வார்கள். பிசிஷியன் அசிஸ்டன்ட் ஒருவரோடு சில நாள் கூட இருந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

எப்போது விண்ணப்பிப்பது? கடைசித் தேதிக்கு முதல் நாள் அனுப்பினால் என்ன?
– வாசகர், அட்லாண்டா

காஸ்பா ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் கடைசியில் திறக்கும். பல கல்லூரிகள் வருகிற வரிசையில் படித்து, நேர்காணலுக்கு அழைத்து, இடத்தையும் கொடுத்துக்கொண்டே போகின்றன. கடைசி நாளில் போய்ச் சேரும் விண்ணப்பம் மிச்ச இடங்களுக்குத்தான் போட்டியிடும்.

தேதியிலும் மூன்று வகை உண்டு. சிலருக்கு அன்றைக்குள் அனுப்பியிருந்தால் போதும். சிலருக்கு டிரான்ஸ்கிரிப்ட்களும் பரிந்துரைக் கடிதங்களும் வந்து முழுமையாகியிருக்க வேண்டும். சிலருக்குக் காஸ்பா சரிபார்த்து முடித்திருக்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும்.

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று. ஒன்று கூட வேலை பார்த்த பிசிஷியன் அசிஸ்டன்ட் அல்லது டாக்டர், ஒன்று வேலையில் மேற்பார்வையாளர், ஒன்று அறிவியல் பேராசிரியர் என்று இருந்தால் நல்லது. குடும்ப நண்பரான டாக்டர் மாமாவிடம் வாங்காதீர்கள். உங்களை வேலையில் பார்க்காதவர் எழுதுவது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். ஒருமுறை வந்து சேர்ந்த கடிதத்தை மாற்றவும் முடியாது. 'ஏன் இந்தப் பணி' என்ற கட்டுரைக்கு இடைவெளிகளையும் சேர்த்து 5,000 எழுத்துக்குறிகள்தான்.

இடம் கிடைத்துவிட்டது. டி.பி. தோல் பரிசோதனை பாசிட்டிவ் என்கிறார்கள், மகளுக்கு இருமலே இல்லை. பயமாக இருக்கிறது.
– வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

மகள் இந்தியாவில் பிறந்து டி.பி.க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவளாக இருந்தால் தோல் பரிசோதனை அப்படிக் காட்டக்கூடும். ரத்தத்தில் பார்க்கும் குவாண்டிஃபெரான் போன்ற பரிசோதனை பி.சி.ஜி.யால் பாதிக்கப்படாது, அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதிலும் பாசிட்டிவ் என்றால் மார்பு எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். எம்.எம்.ஆர். தடுப்பூசி பாக்கி இருந்தால் டி.பி. பரிசோதனையை அதற்கு முன்போ அதே நாளிலோ முடித்துவிடுங்கள். ஊசிக்குப் பிறகு என்றால் 4 வாரம் காத்திருக்க வேண்டும்.

அவசரம் காட்ட வேண்டியது ஹெபடைட்டிஸ்-பி விஷயத்தில்தான். குழந்தையில் போட்ட ஊசியின் எதிர்ப்பணு அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்குக் கீழே இறங்கியிருப்பது சகஜம். மறுபடி வழக்கமான மூன்று டோஸ் போட வேண்டி வந்தால் ஆறு மாதம், பிறகு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. ஹெப்லிசாவ்-பி என்றால் 4 வார இடைவெளியில் இரண்டே டோஸ். இடம் உறுதியான வாரமே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். தடுப்பூசி, பரிசோதனைக் கோப்பு முழுமையாகாத மாணவரைப் பயிற்சிக்காக மருத்துவமனைக்குள் விட மாட்டார்கள்.

படிக்கும்போது பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாமா?
– வாசகர், சார்லட்

அந்த நம்பிக்கையில் சேராதீர்கள். வாரம் முழுக்க வகுப்பும் தேர்வுமாக ஓடும். வேலை பார்ப்பதைத் தடை செய்யும் கல்லூரிகளும் உண்டு. கடன் விதியும் மாறியிருக்கிறது. கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு இல்லை. புதிய சட்டப்படி முதுகலை மாணவருக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் வரம்பு. தொழில்முறைப் பட்டம் என்று வகைப்படுத்திய படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000. தங்கள் படிப்புக்கு எந்த வரம்பு பொருந்துகிறது என்று ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திடமும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இடத்தை உறுதிசெய்யக் கட்டும் முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது என்பதால் அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராக இருந்தால் நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கார்ப்ஸ் உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள்: கல்விக் கட்டணத்தோடு மாதச் செலவுக்கும் பணம் தருவார்கள், பதிலுக்கு மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊரில் குறைந்தது 2 வருடம் பணியாற்ற வேண்டும்.