பாறையேற்றப் பயணத்துக்கு முன் தோள் வலி: ஓய்வா, பயிற்சியா?

கேள்வி: ஆறு வாரத்தில் தாய்லாந்தின் ரெய்லேயில் பாறையேற்றம், கூடவே கடல் கயாக் (துடுப்புப் போடும் ஒடுக்கமான சிறு படகு). கையைத் தூக்கினால் தோள் வலிக்கிறது. என்ன செய்யலாம்?

பக்கவாட்டில் தூக்கும்போது பாதி உயரத்தில் சுரீரென்று வலித்து, மேலே போனதும் குறைகிறதா? பெரும்பாலும் தோளின் சுழல்தசைகளை (ரொட்டேட்டர் கஃப்) எலும்போடு இணைக்கும் நாண்கள்தான். முழு ஓய்வு அவற்றை இன்னும் பலவீனமாக்கும். தொங்குவதையும் புல்-அப்பையும் மட்டும் இப்போதைக்கு விடுங்கள்.

முதல் இரண்டு வாரம் சுவர் போதும். முழங்கையை 90 டிகிரி மடக்கி, விலாவுக்கும் அதற்கும் நடுவே சுருட்டிய துண்டை இடுக்கி, புறங்கையால் சுவரை 30 விநாடி தள்ளுங்கள். தினமும் ஐந்து முறை. துண்டு நழுவினால் வேறு தசை வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். பிறகு உடற்பயிற்சி ரப்பர் பேண்டை இழுத்து அதே அசைவு: 15 வீதம் மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பத்துக்கு மூன்று வரை வலி பரவாயில்லை. மறுநாள் காலையிலும் இருந்தால் லேசான பேண்டுக்கு இறங்குங்கள்.

துடுப்பில் பலரும் தோளைக் கெடுத்துக்கொள்வது கையால் மட்டும் இழுத்துத்தான். உடம்பைத் திருப்பித் துடுப்பை இழுங்கள். மேல்கை கண்மட்டத்தைத் தாண்ட வேண்டாம். கவிழப்போகும்போது கையைப் பின்னால் நீட்டித் துடுப்பை ஊன்றினால் மூட்டே நழுவலாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். விழுந்தபின் கையைத் தூக்கவே முடியவில்லை, விரல் மரத்துப்போகிறது என்றால் பேண்டெல்லாம் அப்புறம், முதலில் எலும்பு மருத்துவர்.