கணினி கேள்வி பதில்: உறுப்பினர் ஒருவர், நுழையும் வழி மூன்று

கேள்வி: எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்காக நோட், எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள் கொண்டு ஓர் இணையச் செயலி எழுதியிருக்கிறேன். இப்போது மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்துத்தான் நுழைய முடியும். கூகுள், முகநூல் வழியாகவும் நுழைய வசதி செய்ய வேண்டும். உறுப்பினர் அட்டவணையில் இரண்டு பத்திகளைக் கூட்டினால் போதுமா?
– வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: பத்தியைக் கூட்டாதீர்கள், தனி அட்டவணை ஒன்று போடுங்கள். உறுப்பினர் அட்டவணையில் ஆளைப் பற்றிய விவரம் மட்டும் இருக்கட்டும். புதிய அட்டவணையில் உறுப்பினர் எண், சேவையின் பெயர், அந்தச் சேவை தரும் அடையாள எண் என மூன்று பத்திகள். பின்னிரண்டும் சேர்ந்து இருமுறை வராதபடி ‘யுனிக்’ கட்டுப்பாடு வையுங்கள். நாளை ஆப்பிள் வழியும் வேண்டும் என்றால் ஒரு வரிசைதான் கூடும், அட்டவணை மாறாது. கூகுளில் ஆளை அடையாளம் காண ‘சப்’ என்று வரும் எண்ணையே நம்புங்கள். மின்னஞ்சல் முகவரி மாறலாம், அலுவலக முகவரி என்றால் வேறொருவர் கைக்கும் போகலாம்.

நுழைவைக் கவனிக்கும் பாஸ்போர்ட் என்ற நிரல் நூலகமே இதற்குப் போதும். அதோடு கடவுச்சொல் நுழைவுக்கு ஒன்று, கூகுளுக்கு ஒன்று, முகநூலுக்கு ஒன்று என மூன்று துணைத் தொகுப்புகளை நிறுவுங்கள். வரிசை முக்கியம்: முதலில் எக்ஸ்பிரஸ் செஷன் (நுழைந்தவரை நினைவில் வைக்கும் பகுதி), அடுத்து பாஸ்போர்ட் செஷன், பிறகுதான் உங்கள் வழித்தடங்கள். கூகுள் கன்சோலில் பதியும் திரும்பு முகவரி (நுழைந்தவரைக் கூகுள் திருப்பி அனுப்பும் முகவரி), நிரலில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும், ‘எச்டிடிபிஎஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘எச்டிடிபி’ இருந்தாலும் ‘ரீடைரெக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்’ என்று நின்றுவிடும். பழைய மாதிரி நிரலைப் பார்த்து எழுதினால் வெளியேறும் பொத்தானில் பிழை வரும். 2022இல் வந்த பாஸ்போர்ட் 0.6 பதிப்பிலிருந்து ‘லாக்அவுட்’டுக்குக் கால்பேக் (வேலை முடிந்ததும் அழைக்கப்படும் செயற்கூறு) கட்டாயம்.

கடவுச்சொல்லைத் தமிழில் தட்டச்சு செய்ய விட்டிருக்கிறீர்களா? விடுவது நல்லது, ஆனால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. கடவுச்சொல்லைத் திருப்பிப் படிக்க முடியாத ஹாஷ் ஆக மாற்றும் பிகிரிப்ட், முதல் 72 பைட்டுகளை மட்டுமே பார்க்கும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘கி’ என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட் ஆகிறது: ககரத்துக்கு 3, இகரக் குறிக்கு 3. இப்படிப் பன்னிரண்டு எழுத்துகளில் இடம் நிறைந்துவிடும்; அதற்குப் பின்னால் எதைத் தட்டினாலும் உள்ளே விடும். அதனால் பிகிரிப்டுக்குப் பதில் ஆர்கான்2ஐடி என்ற ஹாஷ் முறையைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஹாஷ் மட்டும் வேறாகும். பதிவின்போதும் நுழைவின்போதும் ‘நார்மலைஸ்’ செய்து ‘என்எஃப்சி’ என்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஹாஷ் செய்யுங்கள்.

கேள்வி: கூகுளில் வரும் மின்னஞ்சல் ஏற்கெனவே எங்கள் பட்டியலில் இருந்தால், இரண்டு கணக்கையும் தானாக இணைத்துவிடலாமா?
– அதே வாசகி

பதில்: கண்ணை மூடிக்கொண்டு இணைக்காதீர்கள். இந்த வேலையிலேயே பெரிய ஓட்டை இங்கேதான் விழுகிறது. உங்கள் சங்கச் செயலாளரின் ஜிமெயில் முகவரியைப் போட்டு, தன் கடவுச்சொல்லை வைத்து ஒருவர் முன்கூட்டியே பதிந்துவிடுகிறார் என்று வையுங்கள். முகவரி தன்னுடையதுதான் என்று அவர் உறுதி செய்யவில்லை. அடுத்த மாதம் செயலாளர் கூகுள் பொத்தானை அழுத்துகிறார், உங்கள் நிரல் இணைத்துவிடுகிறது. முதலில் பதிந்தவரின் கடவுச்சொல்லும் அதே கணக்கைத் திறக்கும். செயலாளருக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே, மின்னஞ்சலில் போகும் இணைப்பை அழுத்தாத வரை, கடவுச்சொல் வைத்துப் பதிந்த உள்ளூர்க் கணக்கு இயங்கக் கூடாது. அந்த இணைப்பில் 32 பைட் நீள எதேச்சை எண் இருக்கட்டும். தரவுத்தளத்தில் அதன் ஹாஷை மட்டும் வையுங்கள், ஒரு மணி நேரத்தில் காலாவதியாக்குங்கள். கூகுளில் வருபவரின் முகவரிக்கு உறுதியான கணக்கு இருந்தால், கடவுச்சொல்லை ஒருமுறை கேட்டுவிட்டு இணையுங்கள். உறுதியாகாத கணக்கு இருந்தால், பழைய கடவுச்சொல்லையும் திறந்திருக்கும் செஷன்களையும் அழித்துவிட்டுத்தான் உண்மையானவருக்குக் கொடுக்க வேண்டும். கூகுள் அனுப்பும் ‘ஈமெயில் வெரிஃபைட்’ சரியா என்பதையும் பாருங்கள். முகநூல் தரும் முகவரியை வைத்துத் தானாக இணைக்கவே வேண்டாம். உறுப்பினர் நுழைந்தபின், அமைப்புகள் பக்கத்தில் அவரே இணைத்துக்கொள்ளட்டும். மீதமிருக்கும் ஒரே நுழைவு வழியை நீக்கவும் விடாதீர்கள்.

கேள்வி: மடிக்கணினியில் எல்லாம் சரி. சர்வரில் ஏற்றியபின் நுழைந்தாலும் மீண்டும் நுழைவுப் பக்கத்துக்கே வருகிறது. ஏன்?
– வாசகர், கோலகங்சார்

பதில்: நுழைந்தவரை அடையாளம் காட்ட உலாவியில் வைக்கும் குக்கீ போய்ச் சேரவில்லை. உங்கள் செயலிக்கு முன்னால் நிற்கும் இடைச் சர்வரான பிராக்ஸி, எச்டிடிபிஎஸ்ஸை அவிழ்த்து வெறும் எச்டிடிபியாகத்தான் உள்ளே அனுப்பும். குக்கீயை ‘செக்யூர்’ (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும்) என்று குறித்திருப்பதால் எக்ஸ்பிரஸ் செஷன் குக்கீயை அனுப்ப மறுக்கிறது. எக்ஸ்பிரஸில் ‘டிரஸ்ட் பிராக்ஸி’ அமைப்பை 1 என்று வையுங்கள். வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கீ உடன் வரலாமா என்று சொல்லும் ‘சேம்சைட்’ மதிப்பு ‘ஸ்டிரிக்ட்’ ஆக இருந்தால் ‘லாக்ஸ்’ ஆக்குங்கள். இல்லையேல் கூகுளிலிருந்து திரும்பும்போது குக்கீ உடன் வராது, நாம் அனுப்பிய கோரிக்கைக்கே பதில் வருகிறதா என்று பார்க்கும் ‘ஸ்டேட்’ சோதனையும் தோற்கும். செஷன்களை நினைவகத்தில் விட்டுவைத்திருந்தால், சர்வர் ஒவ்வொரு முறை மீண்டும் தொடங்கும்போதும் எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். தரவுத்தளத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பும் இணைப்பு வேலை செய்கிறது. முகநூலில் பகிர்ந்தால் கூகுள் நுழைவு 403 (அனுமதி மறுப்பு) காட்டுகிறது. எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சிலருக்கு முகநூல் பொத்தானும் பிழை தருகிறது.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முகநூல் செயலி தன் உள்ளேயே ஓர் உலாவியைத் திறக்கிறது. அத்தகைய உலாவிகளில் நுழைவதைக் கூகுள் 2021இல் தடுத்துவிட்டது. நிரலில் தந்திரம் தேடாமல், ‘குரோமில் திறக்கவும்’ என்ற குறிப்பைத் தமிழில் பெரிதாகக் காட்டுங்கள். கடவுச்சொல் படிவம் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பெரியவர்கள் விஷயம் வேறு. அவர்களில் பலர் கைத்தொலைபேசி எண் கொடுத்தே முகநூலில் சேர்ந்திருப்பார்கள், அங்கே மின்னஞ்சலே இருக்காது. உங்கள் நிரல் மின்னஞ்சல் பட்டியலின் முதல் உருப்படியைக் கேட்டு, அது இல்லாததால் விழுகிறது. மின்னஞ்சல் பத்தியைக் காலியாக விட அனுமதியுங்கள். முகநூலின் அடையாள எண்ணைக் கொண்டே கணக்கைத் திறந்து, முகவரியைப் பிறகு கேளுங்கள். மாறாக, நிர்வாகியான உங்களுக்கு மட்டும் திறந்து மற்ற எவருக்குமே திறக்கவில்லை என்றால், முகநூல் பக்கத்தில் செயலி இன்னும் ‘டெவலப்மென்ட்’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை ‘லைவ்’ ஆக்கினால் சரியாகும்.