உர டிரம்மில் பூசணம், மாமியாருக்கு ஆஸ்துமா: டிரம்மைத் தூக்கி எறியலாமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: மொட்டை மாடியில் இரண்டு டிரம் வைத்து சமையலறைக் கழிவை மக்கவைக்கிறேன். கிளறும்போது சாம்பல் நிறத்தில் புகை மாதிரி கிளம்புகிறது. மாமியாருக்கு 66 வயது, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கிறார். இதிலிருந்துதான் கருப்புப் பூஞ்சை வரும் என்று கீழ் வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒருவர் 'பூஞ்சை அலர்ஜி பேக்கேஜ்' பார்த்துவிடுங்கள் என்கிறார். என்ன செய்வது?

டிரம்மை எறிய வேண்டாம். மாமியார் அதன் பக்கம் போகக் கூடாது, நீங்கள் காய்ந்த உரத்தைக் கிளறக் கூடாது. உங்கள் வீட்டுக்கு என் பதில் அவ்வளவுதான். மீதி எழுதுவது அந்த ரத்தம் எடுக்கிறவருக்காக.

நீங்கள் பார்த்த புகை, பூஞ்சையின் வித்துகள். காய்கறித் தோலும் சருகும் மக்கும்போது சூடாகிறது இல்லையா, அந்தச் சூட்டில் சொகுசாக வளர்கிற ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைதான் இதில் முக்கியமான ஆள். அதன் வித்து இரண்டு மூன்று மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் இருபது முப்பதில் ஒரு பங்கு, அதனால் மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடி வரைக்கும் போய்விடும். போகட்டும். உரமே போடாத வீட்டில் இருப்பவர்களும் தினமும் நூற்றுக்கணக்கில் இதைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், நல்ல நுரையீரல் விழுங்கித் துடைத்துவிடும். ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு மட்டும் உடம்பு இதை எதிரியாகப் பார்த்துச் சண்டை போடும். இழுப்பு கூடும், இன்ஹேலர் போதாமல் போகும், இருமும்போது பழுப்பு நிறத்தில் ரப்பர் துண்டு மாதிரி சளி கட்டியாக வரும். அந்தச் சளி வந்தால் காத்திருக்காமல் நெஞ்சக நோய் மருத்துவரிடம் போங்கள்.

கருப்புப் பூஞ்சை வேறு குடும்பம். 2021-ல் அது பிடித்தவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், கொரோனாவுக்கு ஸ்டீராய்டு வாங்கியவர்கள். கீழ் வீட்டுக்காரரை முதலில் அவருடைய சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது அந்த பேக்கேஜ். நூறு பொருள், இருநூறு பொருள் என்று பட்டியல் போட்டு, கத்தரிக்காய் முதல் கரப்பான் பூச்சி வரை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண், பாதிக்கு மேல் சிவப்பு மையில். அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் பாதிச் சாப்பாட்டை ஏற்கெனவே நிறுத்தியிருப்பார்கள், இழுப்பு மட்டும் நின்றிருக்காது. பூஞ்சை ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால் முதலில் தேவை இரண்டே ரத்தப் பரிசோதனைகள்: மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையில் ரத்தத்தில் கூடுகிற ஒரு எதிர்ப்புப் புரதம்), ஆஸ்பர்ஜில்லஸுக்கான தனி ஐஜிஇ. மொத்த ஐஜிஇ 500-க்குப் பக்கத்தில் போனால்தான் மருத்துவர்கள் நாங்கள் அந்தப் பழுப்புச் சளி ஒவ்வாமை நோயை யோசிக்கவே ஆரம்பிப்போம். வயிற்றில் புழு இருந்தால்கூட அந்த எண் ஏறும், இதை பேக்கேஜ் விற்பவர் சொல்ல மாட்டார், அவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன். உங்கள் மாமியாருக்கு இன்ஹேலரில் ஆஸ்துமா அடங்கியிருக்கிறது என்றால் அந்த இரண்டும்கூட இப்போது வேண்டாம்.

இதைவிட மோசமானது மருந்துக் கடையில் சீட்டே கேட்காமல் இழுப்புக்குத் தருகிற சின்ன வெள்ளை மாத்திரை. ஒரே நாளில் சுகமாக இருக்கும், ஏனென்றால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் தின்றால் உடம்பின் காவல் படுத்துவிடும், அதுவரை சும்மா வந்து போன பூஞ்சை உள்ளே குடியேறும். உரத் தொட்டியைப் பார்த்து நடுங்குகிறவர்கள் இந்த மாத்திரையை மிட்டாய் போல முந்தானையில் முடிந்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மாமியாரின் மருந்து டப்பாவை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். மாத்திரை இருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டப்பாவோடு மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

கீமோ எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் உரத்தைத் தொடவே வேண்டாம், அதில் பேச்சுக்கே இடமில்லை. நான் அழுத்திச் சொல்ல நினைப்பது வேறொருவரை: எப்போதோ காசநோய் வந்து குணமானவர். உங்கள் மாமியாருக்கு இளவயதில் வந்ததா என்று கேளுங்கள். நம் வீடுகளில் இதை மருமகளிடம் சொல்ல மாட்டார்கள், 'அப்போ கொஞ்சம் சளி இருந்துச்சு' என்பார்கள். காசநோய் சிலருக்கு நுரையீரலில் ஓட்டை மாதிரி ஒரு குழியை விட்டுவிட்டுப் போகும். ஆறு மாத மாத்திரை முடிந்ததும் 'குணமடைந்தார்' என்று எழுதிக் கோப்பை மூடுவதோடு சரி, குழி இருக்கிறதா என்று அப்புறம் பெரும்பாலும் யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. அந்தக் குழிக்குள் போகிற வித்து அங்கேயே முளைத்துப் பந்து போல உருளும். வருடங்கள் கழித்து இருமல், எடை இழப்பு, ஒரு நாள் சளியில் ரத்தம். உடனே காசநோய் திரும்பிவிட்டது என்று சளியில் கிருமி வராமலேயே மறுபடி அதே மாத்திரை! இப்படி வந்த எத்தனை பேரை நான் பார்த்துவிட்டேன். பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள், புதியதோடு வைத்துப் பார்த்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

கிளறும் விஷயத்துக்கு வருவோம். புகை எழும்பினால் உரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுத் தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் தண்ணீர் தெளித்து, கால் மணி நேரம் விட்டு, அப்புறம் கிளறுங்கள், வித்து ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கிளறுவதைவிடத் தூசி அதிகம் கிளம்புவது முதிர்ந்த உரத்தைச் சல்லடையில் சலிக்கும்போதுதான், அதையும் லேசான ஈரத்தில் செய்யுங்கள். மூக்கில் என்-95 இருக்கட்டும், துப்பட்டா இதற்கு ஆகாது.

துப்பட்டா என்றதும் இன்னொன்று. உங்கள் இரண்டு டிரம்மைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஊர்க் குப்பை மொத்தத்தையும் நாள் முழுக்கப் புரட்டிப் போடுகிற தூய்மைப் பணியாளர் துண்டைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார். கையுறை, முகக்கவசம் தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். காலையில் குவியலைப் புரட்டியவருக்குச் சாயங்காலம் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்து, இரண்டு நாள் லீவு போட்டால் சரியாகி, வேலைக்குப் போனதும் திரும்ப வந்தால், அது வைரல் காய்ச்சல் இல்லை, அந்தக் குவியலின் தூசிக்கு நுரையீரல் காட்டும் எதிர்ப்பு. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் பிடித்துவிடலாம். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

உங்கள் டிரம்களை மாமியாரின் அறை ஜன்னலுக்கு நேரே வைக்காமல் மாடியின் மறு மூலைக்கு நகர்த்திவிடுங்கள். அவர் மாடியில் வற்றல் காயப்போடுகிற நாளில் கிளற வேண்டாம்.